ஈமுக் கறியைத் தின்றது யார்?

சேலத்திலிருந்து ஆத்தூர் சாலையில் கிழக்கே வந்தால் அம்மாப்பேட்டை, உடையாப்பட்டி, அதற்கப்புறம் அயோத்தியாப்பட்டணம். தறி, கொலுசுப் பட்டறை, மரவள்ளிக் கிழங்கு, பால் என்று பணம் சிறுகச் சிறுகப் புரளும் பகுதி இது. 2025 ஜனவரி பிற்பகுதியில் அம்மாப்பேட்டையில் ஒரு திருமண மண்டபத்துக்குள் போலீசார் நுழைந்தார்கள். அங்கே கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. அன்னை தெரசாவின் பெயரை வைத்துக்கொண்ட ஓர் அறக்கட்டளை, கட்டுகிற பணம் சில மாதங்களில் பெருகித் திரும்பும் என்று சொல்லி வசூல் செய்துகொண்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. விசாரிக்கப் போன போலீசார் தாக்கப்பட்டார்கள். 12 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கமாகவே பிடிபட்டது. கிலோக்கணக்கில் தங்கமும் வெள்ளியும் அதோடு சேர்ந்து வந்தன.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையில் தொடங்கித் தலையங்கம் வரை ஒரே தீர்ப்புதான்: பேராசை. இந்தத் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. இங்கே பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் அவரவர் தொழிலில் கறாரானவர்கள். மரவள்ளி விவசாயியைப் பாருங்கள். சேகோ ஆலையில் கிழங்கின் மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' கணக்கில் அளந்து விலை போடுவார்கள். அரைப் பாயிண்ட் குறைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போகிற ஆள் அவர். அவருக்குச் சந்தேகப்படத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்த சரக்கில் சந்தேகப்படத் தெரியும்; தெரியாத சரக்கு, தெரிந்த வேஷத்தில் வரும்போதுதான் அவர் ஏமாறுகிறார். கொங்கு, சேலம், நாமக்கல் வட்டாரத்தின் பெரிய மோசடிகளை அடுக்கிப் பார்த்தால் இது துலங்கும். ஒவ்வொன்றும் இந்த மண்ணில் ஏற்கெனவே ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒரு தொழிலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

ஈமுவை எடுத்துக்கொள்வோம். பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட சுசி ஈமு ஃபார்ம்ஸ் சொன்ன திட்டம் இது: ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு ஈமுக் குஞ்சுகள் தருவோம், கொட்டகை போட்டுத் தருவோம், தீவனம் தருவோம், வளர்ப்புக்கூலி மாதம் 6,000 ரூபாய், ஆண்டு போனஸ் 20,000 ரூபாய், இரண்டு ஆண்டு முடிந்ததும் பறவைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு கட்டிய பணத்தைக் கொடுத்துவிடுவோம். பறவையை வளர்க்க இடமில்லாதவர்களுக்கும் ஒரு திட்டம் இருந்தது. அதில் பணம் மட்டும் கட்டினால் போதும். பறவையே இல்லாமல் பறவை வளர்ப்புக்குக் கூலி கிடைத்த அதிசயம் அது.

இதில் எதுவும் இந்த வட்டாரத்துக்காரருக்குப் புதிதாகப் படவில்லை. கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனமும் மருந்தும் கொடுக்கும், நாற்பது நாற்பத்தைந்து நாளில் கோழியை எடை போட்டு எடுத்துக்கொண்டு வளர்ப்புக்கூலி தரும். பிராய்லர் ஒப்பந்தப் பண்ணை இப்படித்தான் பல ஆண்டுகளாக இங்கே நடக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் அதில் வீடு கட்டியிருக்கிறார். கோழிக்குப் பதிலாக உயரமான கோழி, அவ்வளவுதானே? ஒப்பந்தத்தின் உருவம் அப்படியே இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வித்தியாசம். பிராய்லர் கொட்டகையிலிருந்து கிளம்பும் வண்டி கறிக்கடையில் போய் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வரிசையில் நிற்பவர் கொடுக்கும் காசிலிருந்துதான் வளர்ப்புக்கூலி வருகிறது. நாமக்கல் முட்டைக்கு முட்டை ஒருங்கிணைப்புக் குழு அன்றாடம் விலை அறிவிக்கிறது. சத்துணவில் போகிறது, லாரி ஏறிக் கேரளா போகிறது. ஈமுக் கறியைத் தின்றது யார்? ஈமு எண்ணெயை வாங்கியது யார்? ஈரோடு, சேலம், நாமக்கல் சந்தை எதிலாவது ஈமுக் கறி விற்றதா? விற்றதெல்லாம் குஞ்சுதான். அதை வாங்கியவர் அடுத்ததாகப் பணம் கட்டிய விவசாயி.

இதே கதை அமெரிக்காவில் 1990களிலேயே நடந்து முடிந்திருந்தது. அங்கும் ஈமுவின் விலை இனப்பெருக்க ஜோடியின் விலையாகத்தான் ஏறியது. கறிக்கு ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒரேயடியாக விழுந்தது. வளர்த்தவர்கள் பலர் பறவைகளை அவிழ்த்து விட்டார்கள். பதினைந்து ஆண்டு கழித்து அதே பறவை பெருந்துறையில் வந்து இறங்கியது. 2012 ஆகஸ்டில் நிறுவனம் நொடித்தபோது இங்கும் பட்டினி கிடந்த ஈமுக்களுக்குக் கால்நடைத் துறை தீவனம் போட வேண்டியதாயிற்று. முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்ட (டான்பிட்) வழக்குகளுக்காகக் கோவையிலுள்ள சிறப்பு நீதிமன்றம் பின்னாளில் நிறுவன உரிமையாளருக்குப் பத்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. சுசியைப் பார்த்து முளைத்த மற்ற ஈமு நிறுவனங்கள் மீதும் வழக்குகள் வந்தன.

ஆக, எந்தத் திட்டத்தையும் உரசிப் பார்க்க ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன். கடைசியாக இந்தப் பொருளைக் காசு கொடுத்து வாங்கி, தின்றோ உடுத்தியோ தீர்ப்பவர் யார்? அந்த ஆளைக் காட்ட முடியாத தொழிலில் அடுத்துச் சேருகிறவர்தான் வாடிக்கையாளர்.

ஆனால் கேள்வி கேட்டவரை வாயடைக்க ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: "எங்க மச்சான் ஒரு வருசமா வாங்கிட்டு இருக்கார், ஒரு மாசம்கூடத் தவறலை." இந்தப் பதிலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை லட்சம் கட்டியவருக்கு முதல் ஆண்டு முடிவில் கூலியும் போனசுமாக வந்து சேர்ந்தது 92,000 ரூபாய். மிச்சம் 58,000. மாதம் ஆறாயிரம் வீதம் அது இன்னும் ஒன்பது மாதத்துக்கு மேல் தாங்கும். அதாவது ஏறக்குறைய இருபத்தோராவது மாதம் வரை அந்த மச்சான் வாங்கியது அவருடைய சொந்தப் பணம். குஞ்சு, தீவனச் செலவைக் கழித்தாலும் ஓர் ஆண்டுக்கு மேல், புதிதாக ஒருவர்கூடச் சேராவிட்டாலும், ஒரு நாள் தவறாமல் கொடுத்திருக்க முடியும். லட்சம் கட்டினால் மாதம் பத்தாயிரம் என்கிற திட்டமானால் பத்து மாதம். ஆகவே ஒழுங்காகப் பணம் வருவது எதற்கும் சாட்சி அல்ல. சொல்லப்போனால் வியாபாரம் செய்கிறவருக்குத்தான் ஒரு மாதம் முன்னே பின்னே ஆகும். மழை வரும், விலை சரியும், கடை வசூல் தங்கும். தேதி தப்பாமல் கொடுப்பது, கையிலிருக்கிற அடுத்தவர் பணத்தைப் பிரித்துக் கொடுப்பவருக்கே சுலபம். 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி 45 நாளில் ஐம்பது சதவீத லாபம் என்று சொல்லித் தொடக்கத்தில் சொன்னபடியே கொடுத்தார். வாங்கியவர்கள்தாம் அவருக்கு விளம்பரம். பெரும்பாலோர் அசலையும் லாபத்தையும் மறுபடி அவரிடமே கட்டிவிட்டும் போனார்கள்.

தமிழ்நாட்டின் அண்மைக்கால வழக்குகளில் சொல்லப்பட்ட விகிதங்களையும் பாருங்கள். 2022இல் சிக்கிய சென்னை ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் என்றது. வசூல் 2,438 கோடி, பணம் கட்டியவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். ரிசர்வ் வங்கியிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனம் ஒன்று தரக்கூடிய வட்டியின் உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 12.5 சதவீதம். மாதத்துக்கு ஒரு ரூபாய் வட்டியை ஒட்டி. அதற்கு மேல் தருகிறேன் என்று ஒரு நிதி நிறுவனம் சொன்னால், அந்தச் சொல்லே சட்டமீறல். வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

இப்போது திருமண மண்டபத்துக்குத் திரும்புவோம். அங்கே போட்டுக்கொண்ட சட்டை எது? ஒன்று அறக்கட்டளை. இன்னொன்று, எனக்குத் தோன்றுகிற வரையில், மகளிர் குழு. பத்து இருபது ஆண்டுகளாக இப்பகுதிப் பெண்கள் குழுவாகக் கூடி, கையெழுத்துப் போட்டு, ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று கடன் வாங்கி அடைத்துப் பழகியிருக்கிறார்கள். ஓரிடத்தில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதும், நோட்டில் பெயர் எழுதுவதும், தெரிந்த அக்கா ஒருத்தி முன்னால் நிற்பதும் அவர்களுக்கு நம்பிக்கையின் அடையாளம். அந்த அடையாளம் நியாயமாகச் சம்பாதித்தது. குழுக்கடன் திரும்பி வரும் வேகத்தை வங்கிகளே மெச்சியிருக்கின்றன. மோசடிக்காரருக்கு முதலீடு அந்த அக்காதான். அவருக்குக் கமிஷன் உண்டு. பெரும்பாலும் அவரும் பணம் கட்டியிருப்பார், அவரும் நம்பியிருப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'பதிவுச் சான்று காட்டு' என்று கேட்க முடியாது. கேட்டால் உறவு போய்விடும்.

கேட்டாலும் காட்டுவார்கள் என்பதுதான் அடுத்த சிக்கல். இத்தகைய அலுவலகங்களின் சுவரில் சான்றிதழ்களுக்குப் பஞ்சமே இருக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளைப் பத்திரம், ஜிஎஸ்டி எண், சிறுதொழில் பதிவுச் சான்று, கம்பெனிப் பதிவு, ஐஎஸ்ஓ. எல்லாம் அசலாகவே இருக்கலாம். அவற்றில் ஒன்றுகூடப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி தருவதில்லை. ஜிஎஸ்டி எண் வரி கட்டுவதற்கு. கம்பெனிப் பதிவு, அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்கு. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிகிறாரே தவிர, அதில் எழுதியிருப்பது நடக்கும் என்று உத்தரவாதம் கொடுப்பதில்லை. டெபாசிட் வாங்குவதற்கு ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி வேண்டும். எல்லா நிதி நிறுவனத்துக்கும் அது கிடையாது. நிலம், மரம், ஆடு என்று பலர் பணத்தைத் திரட்டி ஒன்றாக நிர்வகித்து லாபம் பிரிப்பதானால் செபியின் பதிவு வேண்டும். 1990களில் தேக்குத் தோட்டக் கம்பெனிகள் கவிழ்ந்த பிறகு, 1999இல் வந்த விதி அது. ரிசர்வ் வங்கி 2016இல் தொடங்கிய 'சசேத்' இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். பெயர் இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 2019இல் வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி, அனுமதியின்றி டெபாசிட் வாங்குவதே குற்றம். ஏமாற்றிய பிறகுதான் குற்றம் என்பதில்லை.

சீட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கே 'சீட்டில் பணம் போச்சு' என்ற பேச்சு அதிகம், அதனாலேயே நல்ல ஏலச்சீட்டுக்கும் கெட்ட பெயர். இருபது பேர், ஆளுக்கு ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம். அவசரக்காரர் ஒருவர் இருபதாயிரம் தள்ளி எண்பதாயிரத்துக்கு எடுக்கிறார். தள்ளிய இருபதாயிரத்தில் ஐயாயிரம் சீட்டு நடத்துபவரின் கமிஷன் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் பதினைந்தாயிரத்தை இருபதாகப் பிரித்தால் ஆளுக்கு 750 ரூபாய் கசர். அந்த மாதம் 4,250 கட்டினால் போதும். ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று நோட்டில் எழுதிக் காட்ட முடிகிறது. லாபம் யாருடையது? அவசரத்துக்குத் தள்ளி எடுத்தவர் விட்டுக்கொடுத்தது. கமிஷனின் வரம்பு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து சதவீதமாக இருந்தது, 2019இல் ஏழாக்கினார்கள். அதோடு, சீட்டைத் தொடங்குமுன் சீட்டுப் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தை அவரிடம் ஈடாகக் காட்ட வேண்டும். லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு லட்ச ரூபாய் ஈடு. அந்தக் குறிப்பிட்ட சீட்டுக்கு உரிய அனுமதி எண்ணைக் கேட்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. "கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணியிருக்கு" என்பது அதற்குப் பதில் ஆகாது.

இந்த வெளிச்சத்தில் தீபாவளிச் சீட்டைப் பார்த்தால் அதன் பலவீனம் தெரியும். வாராவாரம் கட்டுகிறோம், ஆண்டு முடிவில் பலகாரம், பாத்திரம், ஒரு கிராம் காசு. இதில் ஏலமும் இல்லை, கசரும் இல்லை. ஐம்பது வாரம் பணம் ஒருவர் கையில் இருக்கிறது, அவ்வளவே. கட்டியதைவிட அதிக மதிப்புக்குப் பொருள் தருகிறேன் என்று அவர் சொன்னால், அந்த அதிகம் எங்கிருந்து வரும்? மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள இடைவெளி வரைக்கும் நம்பலாம். கட்டியதுக்கு இரட்டிப்பாகச் சாமான் என்றால், அடுத்த வருடத்துச் சீட்டிலிருந்துதான் வரும்.

நகைக்கடைச் சேமிப்பும் இப்படியே இரண்டு வகை. பதினொரு மாதம் கட்டி நகை வாங்கும் திட்டம் ஏன் பதினொன்றோடு நிற்கிறது? பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது டெபாசிட் ஆகாது என்பது 2014ஆம் ஆண்டுக் கம்பெனி விதி. அதற்குள் அடங்கத்தான் பதினொரு மாதம். கடை நொடித்தால் அந்தப் பணத்துக்கும் காப்பு இல்லை. ஆனால் திட்டத்தில் பொய் இல்லை. நகை வாங்கும்போது அதில் பிஐஎஸ் முத்திரை, தூய்மை எண், ஆறு எழுத்து எச்யுஐடி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, அந்த ஆறெழுத்தை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் நகையின் விவரம் வந்துவிடும். 2023 ஏப்ரல் முதல் நகையில் எச்யுஐடி கட்டாயம். இரண்டாவது வகை, பணத்தைக் கடையில் போட்டு மாத வட்டி வாங்குவது. நகைக்கடைக்கு வங்கி வேலை எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். 2023 அக்டோபரில் திருச்சி பிரணவ் ஜுவல்லர்ஸ் கிளைகள் பூட்டப்பட்டபோது தெரிய வந்தது இந்த இரண்டாவது வகைதான். அடுத்த மாதம், தீபாவளியை ஒட்டி, சேலத்தை மையமாகக் கொண்ட எஸ்.வி.எஸ். நகைக்கடைகளும் பூட்டிக் கிடந்தன. கண்ணாடிக்குப் பின்னால் தங்கம் மின்னும்போது, போட்ட பணம் தங்கமாகவே இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது.

கைபேசி வழியாக வரும் மோசடிகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. இரண்டு செய்தி மட்டும். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை. எண்ணைப் போடச் சொன்னாலே பணம் உங்களிடமிருந்து போகிறது. வீடியோ அழைப்பில் வந்து 'டிஜிட்டல் கைது' செய்கிறேன் என்பவர் எந்தச் சீருடையில் இருந்தாலும் அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே, அந்த மணிநேரத்திலேயே, அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் ஏதாவது மிஞ்சும். கடையில் வாங்கிய பொருள் பழுது, சேவைக் குறைபாடு என்றால் வழி வேறு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

டெபாசிட் மோசடியில் புகார் கொடுப்பதுதான் இருப்பதிலேயே கடினமான கட்டம். 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் மைவி3 ஆட்ஸ் நிறுவனத்துக்கு ஆதரவாக அதில் பணம் கட்டிய ஆயிரக்கணக்கானோர் திரண்டதைப் பலர் கேலி செய்தார்கள். அவர்கள் நிலையில் நின்று பார்த்தால் கேலிக்கு இடமில்லை. நிறுவனம் ஓடிக்கொண்டிருக்கும் வரை போட்ட பணம் வரும் என்ற நம்பிக்கை உண்டு; வழக்குப் பதிந்த மறுநாள் அதுவும் இல்லை. முன்னால் சேர்ந்தவருக்கு மோசடி நீடிப்பதில்தான் லாபம், பின்னால் சேர்ந்தவருக்கு அது இன்றே நிற்பதில் லாபம். இன்னும் சேராதவர் பக்கம் பேச ஆளே இல்லை. "கம்ப்ளைண்ட் குடுத்தா ஒரு பைசா வராது" என்று ஏஜெண்டுகள் பரப்புவதும் இந்தக் கணக்கை அறிந்துதான்.

சட்டம் சொல்வதோ நேர்மாறு. 1990களின் நிதி நிறுவனச் சரிவுகளுக்குப் பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனத்தின் சொத்துகளை அரசு முடக்கலாம். சிறப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்து, ஏலம் விட்டு, பணம் கட்டியவர்களுக்கு விகிதாச்சாரப்படி பிரிக்கலாம். இந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2011இல் சொல்லிவிட்டது. பங்கு பெறுபவர்களின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமானால் புகார் கொடுத்திருக்க வேண்டும். தாமதம் உண்மைதான். திருப்பூர் பாசி நிறுவனம் 2009இல் சிக்கியது. வசூல் 930 கோடி. தீர்ப்பு வந்தது 2022 ஆகஸ்டில், 27 ஆண்டு சிறை. அதற்குள் எத்தனை பத்திரம், எத்தனை ரசீது கரையானுக்குப் போயிருக்கும்! ஆகவே அசல் ரசீது, பாண்டு, வங்கிக் கணக்குப் பக்கம் எல்லாவற்றையும் நகல் எடுத்துத் தனித்தனி இடத்தில் வைக்க வேண்டும். ரொக்கமாகக் கட்டியிருந்தால், எந்தத் தேதி, யார் கையில், யார் கூட இருந்தார்கள் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். "புதுப் பாண்டு தர்றோம், பழசைக் குடுங்க" என்று ஏஜெண்ட் வந்தால் கொடுக்கக் கூடாது.

பணத்தை இழந்தவர்களின் பெயர்ப் பட்டியலுக்கே ஒரு சந்தை உண்டு. 'உங்கள் தொகை விடுவிக்கப்பட்டுள்ளது, செயல்பாட்டுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்' என்று ஓராண்டு கழித்து ஓர் அழைப்பு வரும். நிறுவனத்தின் பெயர், கட்டிய தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவோ சிறப்பு நீதிமன்றமோ போனில் கூப்பிட்டுக் கட்டணம் அனுப்பச் சொல்வதில்லை.